பழைய பேஸ் கிட்டார் வாங்கப் போறீங்களா? சீரியல் நம்பரை மட்டும் நம்பி பணத்தைக் கொடுத்துடாதீங்க!

1972 அக்டோபர். லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் நிறுத்தி வைத்திருந்த ஒரு வேனில் இருந்து ஒரு பேஸ் கிட்டார் திருடு போனது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய, வயலின் போல உடம்பு கொண்ட 'ஹோஃப்னர் 500/1' அது. அரை நூற்றாண்டு கழித்து ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, மீண்டும் அவரிடமே வந்து சேர்ந்துவிட்டதாக 2024 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது.

செய்தியைப் படித்த எல்லோருக்கும் வந்த கேள்வி: இது அதே கிட்டார்தான்னு எப்படிச் சொன்னாங்க?

தயாரித்த ஹோஃப்னர் நிறுவனமே அதை ஆராய்ந்து உறுதி செய்தது. இந்த மாடலில் 1961 கிட்டாருக்கும் 1963 கிட்டாருக்கும் இருக்கும் வித்தியாசத்தை நாமே கண்ணால் பார்க்கலாம். 1961-ல் வந்ததில் இரண்டு பிக்கப்களும் கழுத்தை ஒட்டி அருகருகே இருக்கும். மெக்கார்ட்னி 1963-ல் வாங்கிய இரண்டாவது கிட்டாரில் ஒன்று பிரிட்ஜ் பக்கம் தள்ளிப் போயிருக்கும். கம்பியின் அதிர்வை மின்சார சிக்னலாக மாற்றும் காந்தப் பகுதிக்குத்தான் பிக்கப் என்று பெயர்.

மெக்கார்ட்னிக்காக ஒரு நிறுவனமே வந்து பார்த்தது. நாம் ஆன்லைனில் ஒரு பழைய பேஸ் கிட்டாரைப் பார்த்து ஆசைப்பட்டால், நாம்தான் பார்க்க வேண்டும். பழசில் பெரிய பணம் புரளும் ஃபெண்டர் கிட்டார்களை வைத்து, எதையெல்லாம் பார்க்கணும் என்று இங்கே பார்க்கலாம்.

எங்கிருந்து வந்தது இந்த பேஸ் கிட்டார்?

வழக்கமாக நான்கு கம்பி. சாதாரண கிட்டாரின் மேலே உள்ள நான்கு தடித்த கம்பிகளை விட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். இளையராஜா பாடல்களை நல்ல ஹெட்போனில் கேட்டால் அடியில் தனியாக ஒரு மெட்டு ஓடுமே, அந்த வேலையைச் செய்வது இதுதான்.

அதற்கு முன்னால் ஆளுயர டபுள் பேஸ்தான். தூக்கிக்கொண்டு போவது கஷ்டம். மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் அது கேட்காமலும் போய்விடும். 1951-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 'பிரெசிஷன் பேஸ்' கொண்டுவந்தார். விரல் வைக்கும் இடத்தில் ஃப்ரெட் கட்டைகள் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும். பெயருக்குக் காரணம் அதுதான். கம்பியின் ஒலிக்கும் நீளம் 34 அங்குலம். 70 ஆண்டுகள் தாண்டியும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களுக்கு இன்னும் அதே அளவுதான்.

1957-ல் பிரெசிஷனுக்கு இரண்டு துண்டாகப் பிரிந்த பிக்கப் வந்தது. 1960-ல் ஒல்லியான கழுத்தும் இரண்டு பிக்கப்களும் கொண்ட 'ஜாஸ் பேஸ்' வந்தது. இன்று கடையில் பார்க்கும் பேஸ் கிட்டார்களில் பெரும்பகுதி இந்த இரண்டின் வம்சம்தான்.

'1965-க்கு முந்தியது' என்றால் ஏன் விலை எகிறுகிறது?

1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனத்தை சிபிஎஸ் என்ற பெரிய கம்பெனி 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு தரம் இறங்கிவிட்டது என்பது சேகரிப்பாளர்களின் பேச்சு. அதனால் 'சிபிஎஸ்-க்கு முந்தியது' என்ற இரண்டு சொல்லுக்கே தனி விலை.

பேச்சில் பாதி உண்மை. கம்பெனி கைமாறிய மறுநாளே மரமும் ஆளும் மாறிவிடவில்லை. 1966-ல் செய்த நல்ல கிட்டார்கள் நிறைய உண்டு. 1970-களில் கனமான மரம், தடித்த பாலியஸ்டர் பூச்சு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத தரம் என்று குறைகள் வந்தது நிஜம். ஐந்து கிலோவைத் தொடும் கிட்டார்கள்கூட அந்தக் காலத்தில் வந்தன. ஆனா, மார்கஸ் மில்லரின் புகழ்பெற்ற ஜாஸ் பேஸ் 1977-ல் செய்தது. ரஷ் குழுவின் கெடி லீ வாசித்தது 1972-ல் செய்தது. ஒரு காலத்தில் சீந்துவார் இல்லாமல் கிடந்த 70-களின் கிட்டார்களுக்கும் இப்போது நல்ல விலை.

நம்பர் என்ன சொல்லும், என்ன சொல்லாது?

பழைய ஃபெண்டரில் கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில், பின்பக்கம் ஒரு இரும்புத் தகடு இருக்கும். சீரியல் நம்பர் அதில்தான். 'எல்' எழுத்தில் ஆரம்பித்தால் சுமார் 1963 முதல் 1965 வரை. பெரிய 'எஃப்' பொறித்த தகடு என்றால் 1965 முதல் 1976 வரை. 1976-க்குப் பிறகு அமெரிக்கத் தயாரிப்புகளில் நம்பர் கிட்டாரின் தலைப்பகுதிக்குப் போய்விட்டது. அங்கே 'எஸ்' என்றால் 70-கள், 'ஈ' என்றால் 80-கள், 'என்' என்றால் 90-கள், 'இஸட்' என்றால் 2000-கள். 'ஜேவி' என்று தொடங்கினால் 1982-ல் தொடங்கிய ஜப்பான் ஃபெண்டரின் முதல் சில ஆண்டுகள். இவற்றுக்கும் இப்போது தனி மவுசு.

சிக்கல் எங்கே? அந்தத் தகடு நாலே நாலு ஸ்க்ரூவில் நிற்கிறது. கழற்றி வேறு கிட்டாரில் மாட்ட ஐந்து நிமிஷம் போதும். போதாததற்கு, தொழிற்சாலையிலேயே தகடுகளை வரிசைப்படி எடுத்து மாட்டவில்லை. பெட்டியில் கைக்கு வந்ததை மாட்டினார்கள். அதனால் நம்பர் ஒரு தோராயமான காலத்தைச் சொல்லும், அவ்வளவுதான். "நம்பர் 64-னு சொல்லுது சார்" என்று விற்பவர் சொன்னால், "சரி, கழுத்தைக் கழற்றிக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

கழற்றினால் என்ன தெரியும்?

கழுத்தின் அடி முனையில், உடம்புக்குள் மறைந்திருக்கும் இடத்தில், தேதியைப் பென்சிலால் எழுதியிருப்பார்கள் அல்லது முத்திரை குத்தியிருப்பார்கள். 60-களின் முத்திரையில் பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. '7 மார் 64 ஏ' என்று இருந்தால் 1964 மார்ச் 7-ம் தேதி என்று படித்துவிடுவோம். தப்பு. அந்த 7 தேதி அல்ல, ஜாஸ் பேஸ் மாடலுக்கான எண். கடைசியில் வரும் 'ஏ', கழுத்தின் மேல்முனை அகலம் ஒன்றரை அங்குலம் என்பதற்கான குறி. மாதமும் ஆண்டும் மட்டும்தான் காலக்கணக்கு.

ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு என்றால் இன்னொன்றும் பார்க்கலாம். 1959 முதல் 1962 நடுப்பகுதி வரை அடிப்பக்கம் தட்டையான, தடித்த பலகையாக ஒட்டினார்கள். பிறகு வளைந்த மெல்லிய அடுக்காக மாற்றினார்கள். '1961' என்று சொல்லப்படும் கிட்டாரில் மெல்லிய வளைந்த அடுக்கு இருந்தால், விற்பவர் சொல்லும் கதையில் ஓட்டை இருக்கிறது.

அடுத்து, குமிழ்கள் மாட்டிய தகட்டைத் திருப்பிப் பாருங்கள். வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் சின்னதாக எண்கள் குத்தியிருக்கும். 304 என்றால் ஸ்டாக்போல் கம்பெனி, 137 என்றால் சிடிஎஸ் கம்பெனி. '137 6612' என்றால் சிடிஎஸ் 1966-ம் ஆண்டு 12-வது வாரத்தில் செய்தது. கிட்டார் அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. பின்னால் செய்யப்பட்டிருக்கலாம். 1966-ல் ஃபெண்டர் மொத்தமாக வாங்கிய குமிழ்களை அடுத்த சில ஆண்டுகளுக்கும் பயன்படுத்தியது.

அங்கேயே ஈயப் பற்றவைப்பையும் கவனியுங்கள். பழைய ஈயம் மங்கலாக இருக்கும். ஓர் இடம் மட்டும் பளபளவென்று புதுசாக இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். கை வைத்தது குற்றமில்லை. 60 ஆண்டு ஓடிய வாத்தியத்துக்கு ரிப்பேர் சகஜம். அதை மறைத்துவிட்டு 'எல்லாம் ஒரிஜினல்' என்று விலை சொல்வதுதான் பிரச்னை.

பெயின்ட் மாறினால் விலை பாதி

நம்ப மாட்டீர்கள், ஆனால் மறுபடி பெயின்ட் அடித்த கிட்டார் ஏறக்குறைய பாதி விலைக்கு இறங்கிவிடும் என்பதுதான் இந்தச் சந்தையின் வழக்கமான கணக்கு. பெயின்ட் மாறியதால் மட்டும் வாசிப்புக்கு ஒன்றும் குறைந்துவிடாது. சேகரிப்பாளர் விரும்பாத இந்த ரகம், வாசிக்கிற ஆளுக்கு லாபம். என்னைக் கேட்டால், நிஜமாகவே பழைய கிட்டார் வாசிக்க ஆசைப்படுபவர் தேட வேண்டியது இதைத்தான்.

சரி, தேய்ந்து போன பெயின்ட்டைப் பார்த்தால் வயது தெரியாதா? தெரியாது. ஃபெண்டரே 1990-களில் இருந்து புதுக் கிட்டாரைத் தேய்த்து, கீறி, பழசு போலச் செய்து விற்கிறது. 1982-ல் இருந்து பழைய மாடல்களின் மறுபதிப்புகளும் வருகின்றன. அவற்றுக்கே இப்போது 40 வயது தாண்டிவிட்டது.

ரிக்கன்பேக்கர் 4001, 4003 மாடல்களில் கழுத்து தனியாக ஸ்க்ரூ போட்டு மாட்டியதாக இருந்தால் அது போலி. அசலில் கழுத்து மரமே உடம்பின் நடுவில் கடைசி வரை ஓடும். 1970-களின் ஜப்பான் நகல்களை 'வழக்கு போட்ட காலத்து மாடல்' என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். அந்த வழக்கு 1977-ல் கிப்சனின் தாய் கம்பெனி, கிப்சன் போன்ற தலைப்பகுதி வடிவத்துக்காக ஐபனெஸ் தரப்பு மீது போட்டது. ஜாஸ் பேஸ் நகலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்போ புதுசு வாங்கலாமா?

முதல் கிட்டார் என்றால், தயங்காமல் புதுசு. இன்றைய கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு இயந்திரங்கள் மரத்தை வெட்டும் துல்லியத்தால், ஸ்கொயர், யமஹா, ஐபனெஸ் போன்றவற்றின் விலை குறைந்த மாடல்கள்கூட சுருதி சுத்தமாக நிற்கின்றன. ஐந்தாவது தடித்த கம்பி வேண்டும் என்றால் பழசில் தேடுவதில் பயனில்லை.

1976-ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே முதல், உள்ளேயே சிக்னலைக் கூட்டும் 'ஆக்டிவ்' வகை பரவலானது. லியோ ஃபெண்டர் தன் பழைய கம்பெனியை விட்டு வந்த பிறகு சேர்ந்து உருவாக்கியது அது. சத்தத்தின் அடிப்பகுதியையும் மேல்பகுதியையும் கிட்டாரிலேயே கூட்டிக் குறைக்கலாம். பெரும்பாலும் 9 வோல்ட் பேட்டரி வேண்டும். வயரைச் செருகி வைத்தபடியே விட்டால் பேட்டரி தீர்ந்து, கச்சேரி நடுவில் கழுத்தறுக்கும். பழைய ஃபெண்டர் வகைக்கு அந்தக் கவலை கிடையாது. ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பை மட்டும் வைத்து வாசித்தால் லேசான 'ம்ம்ம்' இரைச்சல் கேட்கும். இரண்டையும் முழுசாக வைத்தால் அடங்கிவிடும்.

பழசோ புதுசோ, வாங்கும் முன் கழுத்தைப் பாருங்கள். ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருந்தால் நல்லது. பெரிய இடைவெளி என்றால் கழுத்து வளைந்திருக்கிறது. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியின் நட்டைத் திருகி அதைச் சரி செய்யலாம். நட்டு ஏற்கெனவே முழுக்கத் திருகப்பட்டு இனி நகராது என்றாலோ, கழுத்து பக்கவாட்டில் முறுக்கியிருந்தாலோ, எந்த ஆண்டு முத்திரை இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டில் இருந்து வரவழைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 60-களின் நடுப்பகுதி வரை செய்த பல ஃபெண்டர்களில் இருப்பது பிரேசில் ரோஸ்வுட். 1992-ல் இருந்து அது உச்சபட்ச சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் ஆகலாம். பின்னர் வந்தவற்றில் இருக்கும் இந்திய ரோஸ்வுட், அதாவது நம்ம ஈட்டி மரம், செய்து முடித்த இசைக்கருவிகளில் இருந்தால் 2019 முதல் விலக்கு உண்டு.

திருட்டுப் பொருளா?

ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ் 1986-ல் நியூயார்க்கில் திருடு போய், சுமார் 20 ஆண்டுகள் கழித்து வெளியே வந்தது. யாருக்குச் சொந்தம் என்ற சிக்கலில், மெட்டாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹீயோ பணம் கொடுத்து உதவிய பிறகே தீர்வு வந்தது. மோடவுன் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த 1962 பிரெசிஷன் பேஸ், 1983-ல் அவர் இறப்பதற்குச் சற்று முன் திருடு போனது. இன்று வரை கிடைக்கவில்லை.

வயதைச் சொல்வதில் தடுமாறும் சீரியல் நம்பர் கைகொடுப்பது இங்கேதான். வாங்கும் முன் நம்பரை இணையத்தில் தேடிப் பாருங்கள். விற்பவரிடம் பழைய ரசீதோ, அவர் வாங்கிய இடமோ கேளுங்கள். உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தால், நம்பர், கழுத்து முத்திரை, உடம்பில் உள்ள மர ரேகை, கீறல்கள் எல்லாவற்றையும் இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். நம்பர் தகட்டை மாற்றிவிடலாம். மர ரேகையை மாற்ற முடியாது.