பெயர் இழந்த இரண்டு விற்றமின்கள்

பதவி வருவதும் போவதும் மனிதருக்கு மட்டும் உரியதன்று. விற்றமின்களின் வரிசையில் ஒருகாலத்தில் இடம்பெற்றுப் பின்னர் நீங்கிய இரண்டு பொருள்களின் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

கொழுப்பு என்பது உடலுக்கு வலுத்தரும் எரிபொருள். சில விற்றமின்களைச் சுமந்து வரும் ஊர்தி. அதற்குமேல் அதனால் ஆவது ஒன்றுமில்லை என்றே முன்னாளில் அறிஞர் பலர் கருதினர். 1929இல் அமெரிக்காவின் மினசோட்டாச் சர்வகலாசாலையில் ஜோர்ஜ் பேர், மில்ட்றெட் பேர் என்னும் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பை அறவே நீக்கிய உணவை அளித்தனர். அவற்றின் வளர்ச்சி குன்றிற்று, வாலிலும் பாதங்களிலும் செதில்கள் தோன்றின, சிறுநீரகங்கள் பழுதுற்றன. சிறிதளவு கொழுப்புச் சேர்த்ததும் அவை நலமடைந்தன. அந்நலத்தைத் தந்தது லினோலியிக் அமிலம் என்னும் பன்னிரம்பாக் கொழுப்பமிலமே என்பதை 1930இல் அவர்கள் காட்டினர். இவ்வகை அமிலங்களுக்கு ‘விற்றமின் எவ்’ என்ற பெயரும் வழங்கிற்று.

1936இல் அங்கேரி நாட்டின் செகெட் நகரில், விற்றமின் சீயை ஆராய்ந்து புகழ்பெற்ற அல்பேட் செந்த்-ஜோர்ஜியும் அவர்தம் துணைவரும் மற்றொன்றைக் கண்டனர். நுண்ணிய இரத்தக் குழாய்கள் நலிந்து தோலின்கீழ் இரத்தம் கசிந்த நோயாளருக்கு, எலுமிச்சையிலிருந்து பிரித்த ஒரு பொருள் பயனளித்தது. அது பிளவனொயிட்டு என்னும் தாவரப் பொருள்களின் இனத்தைச் சேர்ந்தது. அதற்கு ‘விற்றமின் பீ’ எனப் பெயரிட்டனர். இது நாம் நன்கறிந்த இரண்டாம் எழுத்தன்று. ஆங்கில நெடுங்கணக்கில் ‘ஓ’வை அடுத்து வரும் எழுத்து.

ஆயினும் கினிப்பன்றிகளில் முன்பு கண்ட பயன், மீண்டும் செய்த சோதனைகளில் தோன்றவில்லை. முதற்சோதனையின் உணவில் விற்றமின் சீ சிறிதளவு கலந்திருந்தமையே பயனுக்குக் காரணமாகலாம் என 1937இல் செந்த்-ஜோர்ஜியே எழுதினார். நோபல் பரிசு பெற்ற அதே ஆண்டில் அவர் தம் முடிபைத் தாமே திருத்திக்கொண்டார்! 1950இல் அமெரிக்க அறிஞர் குழுவினர் அப்பெயரைக் கைவிடுமாறு பரிந்துரைத்தனர்.

‘எவ்’ என்ற பெயரும் வழக்கொழிந்தது. ஆனால் அப்பொருளின் தேவை ஒழியவில்லை. லினோலியிக் அமிலம் மிகக் குறைந்த பாலுணவு பெற்ற குழந்தைகளின் தோல் கேடுறுவதை ஆரில்ட் ஹான்சன் குழுவினர் 1963இல் வெளியிட்ட ஆய்வு உறுதிப்படுத்தியது.

பிளவனொயிட்டுக்களின் கதையும் அத்துடன் முடியவில்லை. பன்னிரம்பாக் கொழுப்புகள் ஒட்சிசனால் எளிதிற் கெடுபவை. சோதனைக் குழாயில் அக்கேட்டைப் பிளவனொயிட்டுக்கள் தடுக்கின்றன. 1993இல் ஒல்லாந்தின் சுற்பென் நகரத்து முதியோர் 805 பேரைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. தேநீர், வெங்காயம், அப்பிள் ஆகியவற்றின் வழியாக இவற்றை மிகுதியாக உண்டோரிடையே இதயநோய் மரணம் குறைந்திருந்தது. நம் மலைநாட்டுத் தேயிலைக்கும் இது நற்செய்தியே. எனினும், குடலில் இவை சிறிதளவே உறிஞ்சப்பட்டு விரைவில் உருமாறுகின்றன. குழாயில் நிகழ்வது உடலிலும் அவ்வாறே நிகழும் எனத் துணிதல் தகாது.

ஒன்று இல்லாவிடின் நோய் வருமா என்பதே தேவையை அளக்கும் கோல். கொழுப்பமிலம் அக்கோலுக்கு நின்றது, பிளவனொயிட்டு நிற்கவில்லை. நன்மை தருவது வேறு, இன்றியமையாதது வேறு. மருந்துக்கடைக் குப்பியின்மீது பெரிய பெயர்களைக் காணும்போது, தம் பிழையைத் தாமே எழுதி அறிவித்த அந்த அங்கேரிய அறிஞரை நினைவுகூர்வோமாக.