ஐடி வேலைக்கு சர்டிஃபிகேட் முக்கியமா, விசுவாசம் முக்கியமா? பாண்டில் கையெழுத்து போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணி, தேசூர் பக்கம் பட்டு நெசவை நம்பி இருக்கும் வீடுகளுக்கு 'முன்பணம்' என்ற வார்த்தை புதிதல்ல. முதலாளியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளர், அது கழியும் வரை இன்னொருவருக்கு தறி ஓட்டுவது கஷ்டம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இன்ஜினியரிங் முடித்து ஐடி வேலைக்குப் போகும்போது, அதே மாதிரி ஒரு கட்டு 'சர்வீஸ் பாண்ட்' என்ற பெயரில் வருகிறது. "டிரெயினிங் தர்றோம், சர்டிஃபிகேட் செலவையும் பார்த்துக்கறோம். 2 வருஷத்துக்குள்ள வேலையை விட்டா பணம் கட்டணும்" என்கிறது அந்த ஒப்பந்தம். கையெழுத்து போடலாமா?

நிறுவனங்கள் ஏன் சர்டிஃபிகேட் செலவை ஏற்கின்றன?

ஊழியர் மேல் உள்ள அக்கறை மட்டும் காரணம் இல்லை. அமேசானின் ஏடபிள்யூஎஸ், சிஸ்கோ போன்றவற்றின் 'பார்ட்னர்' அந்தஸ்து வேண்டும் என்றால், சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் ப்ராஜெக்ட் கேட்கும்போதும் இந்த எண்ணிக்கை உதவும். அதாவது, ஊழியரின் சான்றிதழ் நிறுவனத்துக்கும் ஒரு முதலீடு.

சர்டிஃபிகேட் இருந்தால் வேலை உறுதியா?

இல்லை. முதல் வடிகட்டலில் பெயர் நிற்க அது உதவும். பட்டுப் புடவையில் சில்க் மார்க் இருந்தாலும், விரித்துப் பார்த்து, ஜரிகையைத் தொட்டுப் பார்த்துதானே வாங்குவாங்க? இன்டர்வியூவும் அப்படித்தான். செய்த ப்ராஜெக்ட், எழுதிய கோட் இரண்டையும் கேட்பாங்க.

சான்றிதழுக்கு காலாவதியும் உண்டு. ஏடபிள்யூஎஸ் சான்றிதழ்கள், சிஸ்கோவின் சிசிஎன்ஏ ஆகியவை 3 ஆண்டுகள் செல்லும். மைக்ரோசாஃப்ட்டின் பணி சார்ந்த பல சான்றிதழ்களை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

கல்லூரி மாணவர்கள் கையிலிருந்து பணம் கட்டும் முன், 2022 மார்ச் 1-ல் தொடங்கிய தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் அதே பயிற்சி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

விசுவாசத்துக்கு என்ன மதிப்பு?

2022 மார்ச் காலாண்டில் இன்ஃபோசிஸில் வேலையை விட்டுச் சென்றவர்கள் விகிதம் 27.7 சதவீதம். கம்பெனி மாறினாத்தான் சம்பளம் ஏறும் என்று பலர் நம்பிய காலம் அது. 2024 மார்ச்சில் அது 12.6 சதவீதமாகக் குறைந்தது.

அதேநேரம், இருந்த இடத்திலேயே இருப்பதும் பாதுகாப்பு இல்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் குறைப்பதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருந்தவர்களுக்குத்தான் பாதிப்பு என்று நிறுவனமே சொன்னது.

நீண்ட கால வேலைக்கு சட்டம் தரும் பலன் கிராஜுவிட்டி. நிரந்தர ஊழியருக்கு பொதுவாக 5 ஆண்டு சேவை தேவை. கடைசி அடிப்படை சம்பளம் 30,000 ரூபாய் என்றால், 5 ஆண்டுக்கு சுமார் 86,500 ரூபாய் கிடைக்கும். நாலரை வருஷத்தில் பேப்பர் போட நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கணும்.

பாண்ட் சட்டப்படி செல்லுமா?

செல்லும், ஆனால் வரம்பு உண்டு. 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 14-ல் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கியில் ஆள் எடுப்பதற்கு ஆகும் செலவையும் காலத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. அதனால் எல்லா தனியார் பாண்டும் அப்படியே செல்லும் என்று அர்த்தம் இல்லை.

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். பாண்டில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரவே கூடாது என்ற நிபந்தனை, 27-வது பிரிவுப்படி பொதுவாக செல்லாது. பாண்டைக் காட்டி ஒருவரை வேலை செய்தே ஆகணும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது.

கையெழுத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

• பாண்ட் காலம் எந்த தேதியில் தொடங்குகிறது? சேர்ந்த நாளா, பயிற்சி முடிந்த நாளா?
• மாதங்கள் கழியக் கழிய கட்ட வேண்டிய தொகை குறையுமா?
• நிறுவனமே வேலையை விட்டு நீக்கினாலும் பணம் கட்டணுமா?
• சான்றிதழ் தேர்வில் ஃபெயிலானால் கட்டணம் யார் தலையில்?
• அசல் மார்க் ஷீட் கேட்டால், நகல் மட்டும் கொடுப்பதே பாதுகாப்பு.
• கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஒரு பிரதி கட்டாயம் கையில் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பதில் மெயிலில், எழுத்தில் வர வேண்டும். ஹெச்ஆர் போனில் சொன்ன வாக்கு, பிரச்னை என்று வரும்போது துணைக்கு நிற்காது.