இரண்டாவது கடிகாரம்: பிரபஞ்ச விரிவும் கால நீட்சியும் (1927–2024)

முன்னுரை

தொலைவிலுள்ள விண்மீன்திரள்களின் நிறமாலைக் கோடுகள் சிவப்பு நிறத்தின் பக்கம் நகர்ந்திருக்கின்றன. இந்தச் செம்பெயர்ச்சியைப் பாடநூல்கள் பெரும்பாலும் வேகத்தின் அடையாளமாகவே சொல்லிச் செல்கின்றன. அது அடிப்படையில் காலத்தைப் பற்றிய செய்தி என்பதே இக்கட்டுரையின் கருத்து. விரியும் பிரபஞ்சத்தில் ஒளியலை மட்டும் நீள்வதில்லை. தொலைவில் நடந்த ஒவ்வொரு நிகழ்ச்சியும் அதே விகிதத்தில் நீண்டு நமக்குத் தெரிய வேண்டும். கோட்பாட்டில் பிறந்த இந்த எதிர்பார்ப்பு வானத்தில் உறுதிப்பட ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. அந்த நெடிய தேடலின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

லெமைத்ரின் கணக்கு

பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமைத்ர் 1927-இல் வெளியிட்ட ஆய்வில், ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலைக் கொண்டு செம்பெயர்ச்சியை விளக்கினார். அவர் எடுத்துக்கொண்டது அடுத்தடுத்துப் புறப்படும் இரண்டு ஒளிக்குறிகளுக்கு இடைப்பட்ட நேரம். அவை நம்மை நோக்கி வரும் வழியெல்லாம் வெளி விரிந்துகொண்டே இருக்கிறது. ஆகவே அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியும் விரிகிறது. ஒளி புறப்பட்டபோது இருந்த பிரபஞ்ச அளவுக்கும் அது வந்து சேரும்போது இருக்கும் அளவுக்கும் உள்ள விகிதமே, நேர இடைவெளி நீளும் விகிதம்.

அந்த இரண்டு குறிகளை ஓர் அலையின் இரு முகடுகளாகக் கொண்டால் கிடைப்பது செம்பெயர்ச்சி. ஒரு நாள் இடைவெளியில் கிளம்பிய இரண்டு ஒளித்துடிப்புகளாகக் கொண்டால் கிடைப்பது கால நீட்சி. இரண்டும் ஒரே சமன்பாட்டின் இரு முகங்கள். செம்பெயர்ச்சி எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் நீட்சியின் அளவு வந்துவிடும், செம்பெயர்ச்சி 0.5 என்றால் நீட்சி 1.5 மடங்கு. அங்கே இருக்கும் கடிகாரம் மெதுவாக ஓடுவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அது தன் இடத்தில் வழக்கம்போலவே ஓடுகிறது. அதன் ஒவ்வொரு துடிப்பும் நம்மை வந்தடையும் இடைவெளிதான் நீள்கிறது.

களைத்த ஒளி என்னும் மாற்று விளக்கம்

1929-இல் எட்வின் ஹபிள், தொலைவு கூடக்கூடச் செம்பெயர்ச்சியும் கூடுவதைக் காட்டினார். அதே ஆண்டில் ஃபிரிட்ஸ் சுவிக்கி வேறொரு விளக்கத்தை முன்வைத்தார்: வெளி விரியவில்லை, நெடுந்தொலைவு கடக்கும் ஒளி வழியில் ஆற்றலை இழக்கிறது, அதனால்தான் சிவக்கிறது. பின்னாளில் இது ‘களைத்த ஒளி’ எனப் பெயர் பெற்றது.

அன்று இத்தகைய ஐயத்துக்கு நியாயம் இருந்தது. ஹபிள் பெற்ற விரிவு வீதம் மெகாபார்செக்குக்கு நொடிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். அதைத் தலைகீழாக்கினால் பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் என வரும். கதிரியக்கத்தைக் கொண்டு செய்த கணிப்புகளோ பூமியின் வயதே அதைவிடக் கூடுதலாக இருக்கலாம் எனக் காட்டின. செம்பெயர்ச்சியை உண்மையான விலகல் என்று உறுதிபடச் சொல்ல ஹபிளே தயங்கினார்.

இரு விளக்கங்களிலும் அலைநீளம் ஒன்றுபோலவே நீள்கிறது. எனவே நிறமாலைக் கோடுகளின் பெயர்ச்சியை மட்டும் வைத்து வழக்கைத் தீர்க்க முடியாது. ஆனால் களைத்த ஒளியில் இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் மாறாது. ஒளியலையே முதல் கடிகாரம்; அதன் சாட்சியத்தைச் சரிபார்க்க, தொலைவிலேயே ஓடுகிற இரண்டாவது கடிகாரம் ஒன்று தேவைப்பட்டது.

வெடிக்கும் விண்மீன்கள்

1934-இல் வால்டர் பாடேயும் சுவிக்கியும் ‘சூப்பர்நோவா’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். பலோமார் மலையில் சுவிக்கி தொடர்ந்து இவ்வெடிப்புகளைத் தேடினார். 1939-இல் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் ஓலின் வில்சன் ஒரு வழியைச் சுட்டினார்: ஒரே வகை வெடிப்புகள் ஒரே சீரில் ஒளிர்ந்து மங்குமானால், தொலைவில் உள்ளவை மெதுவாக மங்குகின்றனவா என்று பார்த்தால் போதும். களைத்த ஒளியை முன்வைத்த சுவிக்கி தேடிய அதே வகை வெடிப்புகளே பின்னாளில் அக்கருத்தைச் சோதிக்கும் உரைகல்லாக அமைந்தன.

வழி சரிதான், கருவிகள்தாம் போதவில்லை. செம்பெயர்ச்சி 0.01 உள்ள ஒரு வெடிப்பில் 20 நாள் மாற்றம் ஐந்து மணி நேரம் மட்டுமே நீளும். அதை அன்று அளக்க இயலாது.

பின்னர் ‘ஒன்று-ஏ’ என வகைப்படுத்தப்பட்ட சூப்பர்நோவாக்களே நம்பகமான கடிகாரம் எனத் தெளிவானது. இவை வெண்குறுமீன்களின் வெடிப்புகள். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்கையில் கணக்கிடத் தொடங்கிய நிறை வரம்பு, சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதை நெருங்கும் வெண்குறுமீன் வெடிக்கிறது என்பது இவற்றுக்கான பரவலான விளக்கம். வெடிப்பில் உருவாகும் நிக்கல்-56 சுமார் 6 நாள் அரை ஆயுளில் கோபால்ட்-56 ஆகிறது. அது சுமார் 77 நாள் அரை ஆயுளில் இரும்பாகிறது. இந்தச் சிதைவே வெடிப்பை ஒளிரவைக்கிறது.

அளவீடும் ஐயமும்

சிசிடி ஒளியுணரிகள் வந்த பிறகே தொலைதூர வெடிப்புகள் எட்டின. 1988-இல் சிலி நாட்டின் லா சீயாவில் டேனிஷ் குழு ஒன்று 0.31 செம்பெயர்ச்சியில் ஒரு வெடிப்பைக் கண்டது. ஆனால் அது உச்ச ஒளியைக் கடந்த பின்னரே அகப்பட்டதால், ஒளிமாற்றத்தை முழுதாக அளக்க முடியவில்லை. 1996-இல் புரூனோ லைபுண்ட்குட் குழுவினர் எஸ்என் 1995கே என்ற வெடிப்பின் ஒளிமாற்றத்தை வெளியிட்டனர். அதன் செம்பெயர்ச்சி 0.479. அங்கே 20 நாளில் நடப்பது இங்கே ஏறத்தாழ முப்பது நாளாக வேண்டும். அளவீடு அதற்கு இசைந்தது. ஜெர்சன் கோல்ட்ஹேபர் குழுவினர் மேலும் பல வெடிப்புகளில் இதே நீட்சியைக் கண்டனர்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது. அதிகம் ஒளிரும் வெடிப்பு இயல்பாகவே மெதுவாக மங்கும் என்பதை மார்க் ஃபிலிப்ஸ் 1993-இல் நிறுவியிருந்தார். தொலைவில் நாம் காண்பவை அத்தகைய பெரும் வெடிப்புகளாகவே இருந்துவிட்டால்?

இதற்கு விடை நிறமாலையில் இருந்தது. வெடித்துச் சிதறும் பொருள் விரிந்து மெலிய, உள்ளடுக்குகள் வெளிப்பட்டு நிறமாலை நாளுக்கு நாள் மாறுகிறது. முகம் பார்த்து வயது சொல்வதுபோல், ஒரு நிறமாலையைக் கொண்டே வெடிப்பின் வயதைச் சொல்லலாம். 2008-இல் ஸ்டெஃபான் பிளாண்டான் குழுவினர் தொலைதூர வெடிப்புகள் 13-இன் 35 நிறமாலைகளை ஆராய்ந்தனர். செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டிய எண்ணை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் நீட்சி கிடைக்கும் என்பதே சோதனை. விரிவுக் கோட்பாட்டின்படி அந்த அடுக்கெண் 1. களைத்த ஒளியின்படி 0. கிடைத்தது 0.97, பிழை வரம்பு 0.10.

விரிந்த சான்று

சூப்பர்நோவாக்களுக்கு அப்பால் வேறொரு கடிகாரமும் சோதிக்கப்பட்டது: குவாசார்கள் எனப்படும், மிகத் தொலைவில் பேரொளி வீசும் விண்மீன்திரள் மையங்கள். அவை சிக்கலானவை, அவற்றின் ஒளி ஒழுங்கின்றி ஏறி இறங்கும். 2010-இல் மைக்கேல் ஹாக்கின்ஸ் அவற்றில் கால நீட்சி தென்படவில்லை என்றார். 2023-இல் ஜெரைண்ட் லூயிசும் பிரெண்டன் புரூவரும் 190 குவாசார்களில் ஒத்த ஒளித்திறன் உடையவற்றை ஒத்த அலைநீளத்தில் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எதிர்பார்த்த நீட்சியைக் கண்டனர். செம்பெயர்ச்சி 4 உள்ள குவாசாரில் ஒரு மாதத்து மாற்றம் நமக்கு ஐந்து மாதமாகத் தெரியும். 2024-இல் ‘டார்க் எனர்ஜி சர்வே’ திட்டத்தின் 1,504 சூப்பர்நோவாக்கள் அடுக்கெண்ணை 1.003 எனத் தந்தன. பிழை நூற்றில் ஒன்றை ஒட்டியது.

முடிவுரை

லெமைத்ரின் தாளில் ஒரு வரியாக இருந்த நேர விகிதம், சிதையும் நிக்கல் அணுக்களிலும் கொந்தளிக்கும் குவாசார்களிலும் தனித்தனியே சரிபார்க்கப்பட்டுவிட்டது. அணுச் சிதைவுக்கும் ஒளியலையின் முகடுகளுக்கும் இயற்பியலில் பொதுவான வேகம் எதுவும் இல்லை. இருந்தும் இரண்டும் ஒரே அளவில் நீள்கின்றன. அவை பொதுவாகக் கடந்து வந்தது ஒன்றே: விரிந்துகொண்டிருக்கும் வெளி. ஆகவே செம்பெயர்ச்சியை ஒரு திரள் ஓடும் வேகமாக மட்டும் படிப்பது பாதிப் படிப்பு. அன்றைய ஒரு நாள் இன்று நமக்கு எத்தனை நாள் என்பதைச் சொல்லும் எண்ணாக அதைப் படிக்கும்போதே, பிரபஞ்சம் விரிகிறது என்ற சொற்றொடர் முழுப் பொருள் பெறுகிறது.