லாலி துரை போன வண்டியும் நாங்கள் போன வண்டியும்

2016ஆம் வருஷம் மே மாதம் நானும் என் மனைவியும் பாரீசுக்குப் போயிருந்தோம். சார்செல்லில் இருக்கும் என் அக்கா மகன் வீட்டில் மூன்று வாரத் தங்கல். பாரீசுக்கு வடக்கே உள்ள அந்த ஊரில் நம் புதுச்சேரிக்காரர்கள் நிறையப் பேர் இருப்பதால் பேச்சுக்கும் குறைவில்லை, முருங்கைக்காய்க்கும் குறைவில்லை. குறை என் முழங்காலில்தான். மெட்ரோ படிக்கட்டுகளை இரண்டு நாள் ஏறி இறங்கியதில் மூன்றாம் நாள் நான் கட்டிலை விட்டு எழவில்லை.

"மாமா, வெள்ளிக்கிழமை டிரைவரோட ஒரு கார் பேசியிருக்கேன். நாலு மணி நேரம். நீங்க எங்கே சொல்றீங்களோ அங்கே போவான்" என்றான் அக்கா மகன். எவ்வளவு என்று கேட்டேன். சொல்லவில்லை.

வந்தது ஒரு கறுப்பு மெர்சிடஸ். ஓட்டி வந்தவர் ஐம்பது வயதுக்காரர். கறுப்புக் கோட்டு, டை. இறங்கி வந்து என் மனைவிக்குக் கதவைத் திறந்துவிட்டார். நாற்பது வருஷம் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா வீட்டில் குடித்தனம் நடத்தியவளுக்கு அது ஒரு புது அனுபவம். "இவரை என்னன்னு கூப்பிடறது?" என்று என் காதில் கேட்டாள்.

'ஷொஃபேர்' என்றேன். என் அப்பா கடைசிவரை அந்தச் சொல்லைத்தான் சொல்வார். அதன் பொருள் வண்டி ஓட்டுபவர் அல்ல, நெருப்பு மூட்டுபவர். நீராவி வண்டிக் காலத்தில் கொதிகலனுக்குத் தீ போட்டவரின் பெயர், பெட்ரோல் வந்த பிறகும் ஒட்டிக்கொண்டது. இந்த மாதிரி வாடகைக் கார்களுக்கு 2009ஆம் வருஷச் சட்டம் 'ஷொஃபேருடன் கூடிய சுற்றுலா வண்டி' என்று பெயர் வைத்தது. அதற்கு முன் 'கிராந்த் ருமீஸ்' என்பார்கள். 'ருமீஸ்' என்றால் வண்டிக் கொட்டகை. 18ஆம் நூற்றாண்டிலேயே பாரீசில் தெருவில் நின்று ஆள் ஏற்றும் குதிரை வண்டி வேறு, கொட்டகையிலிருந்து நாள் வாடகைக்குப் பேசி எடுக்கும் வண்டி வேறு. இன்றைக்கும் அப்படியேதான். டாக்சியைக் கைகாட்டி நிறுத்தலாம், இதை நிறுத்த முடியாது. முன்பதிவுச் சீட்டு இல்லாமல் ஆள் ஏற்றினால் போலீஸ் பிடிக்கும்.

நான் முந்தின இரவே ஒரு தாளில் போகவேண்டிய இடங்களை எழுதி வைத்திருந்தேன். அக்கா மகன் அதை வாங்கிப் பார்த்து, "என்ன மாமா, ஈஃபிலே காணோமே" என்றான். கடைசி வரியில் இருந்தது. மற்றதெல்லாம் ஒரே ஒரு மனிதரைப் பற்றியது. புதுச்சேரியில் அவர் பெயரில் வீதி உண்டு. நம்மில் பலர் அதில் சைக்கிள் ஓட்டிப் பழகியிருப்போம். லாலி தொலாந்தால்.

பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லித்தந்தது ஒரே வரி. துய்ப்ளெக்ஸ் கட்டினார், லாலி இழந்தார். பரீட்சைக்கு அது போதும். சேன் நதிப் பாலங்களை வரிசையாகச் சொல்லவில்லை என்றால்தான் அடி விழும்.

அந்த ஒரு வரிக்குள் இருப்பது இது. லாலி ஐரிஷ் வம்சத்துப் பிரெஞ்சு தளபதி. 1745இல் ஃபோந்தெனுவாவில் ஆங்கிலேயரை எதிர்த்து நன்றாகப் போரிட்டவர். 1758 ஏப்ரல் கடைசியில் அரசரின் கொமிசேராகப் புதுச்சேரியில் வந்து இறங்கினார். குவர்னராக இருந்த துவால் தெ லெய்ரியோடும் கவுன்சில்காரர்களோடும் முதல் வாரத்திலேயே தகராறு. எல்லோரும் திருடர்கள் என்பது அவர் கட்சி. முழுக்கப் பொய்யும் அல்ல. ஆனால் இறங்கிய கையோடு கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடிக்கக் கிளம்பினாரே, அங்கேதான் நம் ஆட்களுக்குச் சனி பிடித்தது. படைச் சாமான் இழுக்க மாடு போதவில்லை. புதுச்சேரிக் குடிகளைப் பிடித்து, எந்தச் சாதி என்ன ஏது என்று பார்க்காமல், வண்டியில் பூட்டினார். ஐயரும் இழுத்தார், செட்டியாரும் இழுத்தார்.

ஒரு வேடிக்கை பாருங்கள். அதே ஊரில் ஆனந்தரங்கப் பிள்ளைக்கு, குவர்னர் மாளிகை முற்றம்வரை பல்லக்கில் போகும் உரிமை இருந்தது. ஓர் ஆள் எதில் ஏறிப் போகிறான் என்பதை வைத்துத்தான் அவன் யார் என்று ஊர் தெரிந்துகொண்ட காலம். அந்தக் காலத்தில் வண்டிக்கு மேலே உட்காரவேண்டியவனை வண்டிக்கு முன்னால் பூட்டினால் எப்படி இருந்திருக்கும்.

ஜூன் 2ஆம் தேதி கோட்டை விழுந்தது. அதை இடித்துத் தள்ளினார். பிறகு பழைய கடன் பத்திரம் ஒன்றைக் காட்டித் தஞ்சாவூர் ராஜாவிடம் பணம் பிடுங்கப் போனார். போகிற வழியில் கீவளூர் கோயிலில் புதையல் தேடிக் குளங்களைக் கிளறினார்கள். அங்கே நின்ற ஆறு பிராமணர்களை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார். பணமும் கிடைக்கவில்லை, தஞ்சாவூரும் கிடைக்கவில்லை. சென்னை முற்றுகையும் தோற்றது. 1760 ஜனவரியில் வந்தவாசி. அப்புறம் புதுச்சேரி முற்றுகை. சோறு தீர்ந்ததும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நம் சனங்களை ஊருக்கு வெளியே துரத்திவிட்டார். ஆங்கிலேயர் அப்பால் போக விடவில்லை. இரண்டு படைக்கும் நடுவே அவர்கள் நாள்கணக்கில் புல் வேரைப் பிடுங்கித் தின்று கிடந்தார்கள். 1761 ஜனவரியில் ஊர் விழுந்தது. அதே ஜனவரியில்தான் ஆனந்தரங்கப் பிள்ளையும் கண்ணை மூடினார். தேவனாம்பட்டினத்துக்குப் பதிலாக ஆங்கிலேயர் வெள்ளைப் பட்டணத்தைத் தரைமட்டமாக்கினார்கள். இன்று சுற்றுலாக்காரர்கள் நின்று படம் எடுக்கும் மஞ்சள் சுவர் வீடுகளெல்லாம் 1765க்குப் பிறகு எழுந்தவை.

இதையெல்லாம் காரில் போகும்போது மனைவிக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். "அப்போ அவனுக்கு வேணும்" என்றாள். இன்னும் முழுக் கதையும் சொல்லவில்லையே.

முதலில் 19ஆம் வட்டாரத்தில் லாலி-தொலாந்தால் என்ற சின்னத் தெருவுக்குப் போனோம். பார்க்க ஒன்றுமில்லை. பெயர்ப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டேன். ஷொஃபேர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். "முசியே, இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். இந்தத் தெருவைப் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை" என்றார். கொஞ்சம் தயங்கி, "உங்கள் பிரெஞ்சு என் வாத்தியாரின் பிரெஞ்சு மாதிரி இருக்கிறது" என்றார். பெருமையாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது பஸ்தீய். 1789இல் இடித்த சிறை. இப்போது அங்கே ஒரு தூணும் போக்குவரத்து நெரிசலும்தான். சிறையின் சுவர் நின்ற கோட்டைச் சாலைக்கல்லில் அடையாளம் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் போர்க்கைதியாக இருந்த லாலி, தன்மேல் குற்றம் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாக்குறுதி கொடுத்து விடுப்பு வாங்கிக்கொண்டு தானாகவே பாரீசுக்கு வந்தார். 1762 நவம்பரில் தானாகவே இந்தச் சிறைக்குள் போனார். விளக்கம் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார் போலும். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆபீஸ் பாஷையில் சொன்னால், மெமோ கொடுக்காமலே சஸ்பெண்டு. விசாரணை தொடங்கிய பிறகும் வக்கீல் வைத்துக்கொள்ள விடவில்லை. 1766 மே 6ஆம் தேதி தீர்ப்பு: அரசரின் நலனையும் கம்பெனியின் நலனையும் காட்டிக்கொடுத்தார், தலையை வெட்டுக.

ஒருவழிப் பாதை காரணமாக நாங்கள் கடைசி இடத்தை முதலில் பார்க்க நேர்ந்தது. ஓத்தெல் து வீல், அதாவது நகரசபை மாளிகை. அதன் முன்னால் உள்ள பெரிய மைதானத்துக்கு அப்போது கிரேவ் சதுக்கம் என்று பெயர். வண்டி நிறுத்த இடமில்லை. "ஒரு சுற்று சுற்றி வருகிறேன்" என்று எங்களை ஆற்றோரம் இறக்கிவிட்டார். குழந்தைகள் குடை ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மே 9ஆம் தேதி லாலியை கொன்சியெர்ழெரி சிறையிலிருந்து இங்கே கொண்டுவந்தார்கள். நடந்தே வரக்கூடிய தூரம். தெருச் சேறு அள்ளும் வண்டியில் ஏற்றி, சனங்களைப் பார்த்து ஏதும் பேசிவிடக் கூடாது என்று வாயில் கட்டை வைத்து அடைத்துக் கொண்டுவந்தார்கள். தீர்ப்பைப் படித்துக் காட்டியபோது, சிறையில் தேசப்படம் வரைய வைத்திருந்த கவராயத்தால் நெஞ்சில் குத்திக்கொண்டாராம். ஆழமாக இறங்கவில்லை. வயது அறுபத்து நாலு.

மனைவி ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேசக்கூட விடலையா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பாவம், யார் பெத்த பிள்ளையோ" என்றாள். அரை மணிக்கு முன் 'அவனுக்கு வேணும்' என்றவள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கும் அதே சங்கடம். நம் முன்னோரை வண்டியில் பூட்டியதற்காகவோ, கீவளூரில் ஆறு பேரைச் சுட்டதற்காகவோ, பட்டினி போட்டுத் துரத்தியதற்காகவோ யாரும் அவர்மேல் தண்டனை எழுதவில்லை. அவர் செய்த தப்பு வேறு, அவருக்குக் கிடைத்த தீர்ப்பு வேறு.

கறுப்பு மெர்சிடஸ் திரும்பி வந்தது. கதவு திறந்தது. உள்ளே தண்ணீர்ப் பாட்டில் வைத்திருந்தார்கள்.

ஆற்றைக் கடந்து கே வொல்தேர். ரூ தெ பொன் மூலையில் இருக்கும் வீட்டில்தான் வொல்தேர் இறந்தார். லாலியின் வழக்கைக் கையில் எடுத்தவர் அவர். லாலியின் மகனுக்குத் தன் தந்தை யார் என்பதே தண்டனை நாளை ஒட்டித்தான் தெரியுமாம். அந்தப் பையன் பன்னிரண்டு வருஷம் விடாமல் மனு எழுதினான். 1778 மே மாதம் அரசரின் கவுன்சில் தீர்ப்பை ரத்து செய்தது. மரணப் படுக்கையில் சேதி கேட்ட வொல்தேர் அந்த மகனுக்கு நாலு வரி எழுதினார். அதுதான் அவருடைய கடைசிக் கடிதம். மே 30ஆம் தேதி இறந்துபோனார். வழக்கு அப்புறமும் வேறு நீதிமன்றங்களில் இழுத்தது, அது தனிக்கதை.

இந்த வழக்கில் என்னை உலுக்குகிற விஷயம் ஒன்று வொல்தேர் எழுதியிருக்கிறார். புதுச்சேரியில் இருந்த லவோர் என்ற சேசு சபைப் பாதிரியார் பிரான்சுக்குப் போய் இறந்தார். அவர் பெட்டியில் லாலியைப் பற்றி இரண்டு அறிக்கைகள் இருந்தனவாம். ஒன்று புகழ்ந்து, ஒன்று தூற்றி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைக் கொடுக்கலாம் என்று. வழக்குக்குப் போனது தூற்றின அறிக்கை.

நான் இரண்டு அறிக்கை எழுதியவன். 1979இல், பெயர் வேண்டாம், ஓர் ஆபீசில் கீழ்நிலை எழுத்தராக இருந்தேன். அதிகாரியின் வீட்டார் ஆபீஸ் ஜீப்பில் சிதம்பரம் போய் வந்தார்கள். யாரோ மேலே எழுதிப்போட்டுவிட்டார்கள். லாக் புக்கில் அந்தப் பக்கம் காலி. "ரெண்டு விதமா ஒரு நோட் போட்டு வை" என்றார்கள். ஒன்றில் அதிகாரி உத்தரவின்பேரில் வண்டி போனது. இன்னொன்றில் டிரைவர் அனுமதியில்லாமல் எடுத்துப் போனார். இரண்டையும் நான்தான் டைப் அடித்தேன், கார்பன் வைத்து. இரண்டாவது மேலே போயிற்று. டிரைவர் பதினொரு மாதம் சஸ்பெண்டு, பிறகு காரைக்காலுக்கு மாற்றல். அவரை வாய்திறக்க யாரும் விடவில்லை. அந்த முதல் நோட்டின் நகல் வெகுநாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை. அவர் இப்போது இல்லை.

கே வொல்தேரில் இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும், அவள் அந்தக் காலத்திலேயே என்னைக் கேட்டவள்.

அங்கிருந்து கொன்கோர்த் பாலம். பஸ்தீயை இடித்த கற்களையும் போட்டுக் கட்டிய பாலம். லாலியை அடைத்து வைத்த சுவரில் ஒரு கல்லாவது எங்கள் சக்கரத்துக்கு அடியில் இருந்திருக்கும். பிறகு 15ஆம் வட்டாரத்தில் துய்ப்ளெக்ஸ் மெட்ரோ நிலையம். துய்ப்ளெக்சும் 1763இல் இதே பாரீசில், கம்பெனி தரவேண்டிய பணத்துக்கு வழக்காடி ஏழையாகத்தான் செத்தார். ஆனால் அவருக்கு ரயில் நிலையம், நம் கடற்கரையில் சிலை. அந்த நிலையத்திலிருந்து ஈஃபில் பக்கம்தான். மனைவி பத்து நிமிஷம் நின்று பார்த்தாள். அக்கா மகனுக்குத் திருப்தி.

சார்செல்லுக்குத் திரும்பியபோது நாலு மணி நேரம் தாண்டி இருபது நிமிஷம். ஷொஃபேர் செல்பேசியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். என்ன என்றேன். பயணக் கணக்கு, எங்கே ஏற்றினேன், எங்கே இறக்கினேன், எத்தனை மணி, எல்லாம் பதிவாக வேண்டும், நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டும் என்றார்.

"நான் பார்க்கலாமா?"

ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுச் செல்பேசியைக் கொடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தேன். இருபது நிமிஷத்தை அவர் சேர்க்கவில்லை. சேர்க்கச் சொன்னேன்.