கடல் தாண்டியவர்களும் கடவுச்சீட்டும்: தென்னார்க்காட்டிலிருந்து சில குறிப்புகள்



சென்ற ஆண்டு திண்டிவனம் பக்கம் ஒரு காலனியில் மாலைநேரப் பள்ளிப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டில் யாரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது என்று கேட்டபோது ஒரே ஒரு கை உயர்ந்தது. அந்தப் பையனின் அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு, ஏஜெண்டுக்காக வாங்கிய கடன் அடைவதற்குள் திரும்பி வந்தவர். மற்றப் பிள்ளைகளின் அப்பா அம்மா போகிற தூரம் பெங்களூருக் கட்டட வேலை, கரும்பு வெட்டு, செங்கல் சூளை. "நாமெல்லாம் எங்க சார் வெளிநாடு போனோம்?" என்றாள் ஒரு பெண். திண்ணையில் இருந்த பாட்டி குறுக்கிட்டார்: "ஏன் போவல? எங்க தாத்தாவோட அண்ணன் மொரீசுக்குப் போனவருதான். திரும்பி வரல." அந்தப் பாட்டி தன் வாழ்நாளில் மரக்காணம் கடலை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாராம்.

கப்பலேறிப் போன ஒரு சனத்தின் பேத்திகள் எப்படி "நாமெல்லாம் எங்க போனோம்" என்று கேட்கிறவர்களாக ஆனார்கள்? இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

நான் முதுகலை சமூகவியல் படித்தபோது வகுப்பில் சொல்லித்தந்தார்கள்: இந்தியர்கள் கடல் தாண்ட அஞ்சினார்கள், தாண்டினால் சாதி கெட்டுவிடும், திரும்பி வந்தால் பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று. 'இந்தியர்கள்' என்ற அந்தச் சொல்லுக்குள் நாம் இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை. 1834 முதல் மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். எல்லாப் பகுதிகளிலிருந்தும் சேர்த்து அந்தத் தீவுக்கு மட்டும் நாலரை லட்சம் பேர். 1860-இல் நேட்டாலுக்கு முதல் கப்பலான 'ட்ரூரோ' புறப்பட்டது சென்னைத் துறைமுகத்திலிருந்துதான். 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,000 பேர். வன்னியரும் வேளாளரும் பிறரும் இதில் உண்டு. ஆனால் சென்னையிலிருந்து போனவர்களில் பறையர்கள் கணிசமானவர்கள். தென்னார்க்காடும் வடார்க்காடும் செங்கல்பட்டும் இதற்கு ஆள் கொடுத்த மாவட்டங்கள்.

ஏன் போனார்கள் என்பதற்குப் பஞ்சம் ஒரு பதில். அதைவிடப் பெரிய பதில் படியாள் முறை. அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் உழைக்கும் அந்த முறையைத்தான் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891 அறிக்கையில் விரிவாக எழுதினார். அதன் தொடர்ச்சியாக வந்த 1892 ஆணையை நாம் பஞ்சமி நிலத்தோடு நினைவில் வைத்திருக்கிறோம். படியாள் பக்கத்து ஊருக்கு ஓடினால் பிடித்து வந்துவிடலாம். கப்பலேறியவனை எந்த மிராசுதாரும் பிடிக்க முடியாது. போன இடத்தில் கரும்புத் தோட்டத்தின் சவுக்கு காத்திருந்தது என்பது உண்மை. இங்கே இருந்த சவுக்கைவிட்டு ஓடினான் என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கிற எழுத்து எனக்கு உவப்பில்லை.

கடல் சிலரை உயர்த்தவும் செய்தது. இரங்கூனில் கப்பல் தொழிலில் செழித்த மதுரைப்பிள்ளை நம்மவர். அன்னை மீனாம்பாள் பிறந்ததும் அதே இரங்கூனில்தான்.

இந்த இடத்தில் 1893-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஐ.சி.எஸ். தேர்வை இலண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. கடல் தாண்டினால் சாதி போகும் என்ற அச்சமும் அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 3,412 பேரின் கையெழுத்தோடு 112 அடி நீள மனுவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். இங்கே நடத்தினால் உயர்சாதியினரே பதவிகளை நிரப்பிவிடுவார்கள், கூடாது என்றது மனு. கையெழுத்திட்டவர்களில் எத்தனை பேரால் இலண்டன் போய்த் தேர்வு எழுத முடிந்திருக்கும்? தமக்கு எட்டாத தூரத்தில் இருந்தாலும் கதவு அங்கேயே இருக்கட்டும் என்று கேட்ட மனு அது.

இனி நம் வாசலுக்கு வருகிறேன். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். 1954 நவம்பர் 1 வரை அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வெளிநாடு. வானூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், புதுச்சேரி ஊர்களும் நம் ஊர்களும் வரப்புக்கு வரப்பு பின்னிக் கிடக்கும். ஒரே சாதி, கொண்டு கொடுத்த உறவு. ஆனால் அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு 1881 செப்டம்பர் 21 அன்று ஓர் ஆணை வந்தது. சாதி சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்பதாக எழுதிக்கொடுத்து, ஒரு குடும்பப் பெயரும் சூட்டிக்கொண்டால் பிரெஞ்சுக் குடிமகன் ஆகலாம். அப்படி எழுதிக்கொடுத்தவர்களில் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஏராளம். அவர்கள் சைகோனுக்குப் போனார்கள். கூலிகளாகப் போகவில்லை. அரசு ஊழியர்களாகவும் காவலர்களாகவும் சிப்பாய்களாகவும் போனார்கள். ஐரோப்பியருக்குரிய சம்பளம் வேண்டும், வாக்குரிமை வேண்டும் என்று வழக்காடினார்கள். அவர்களின் வழிவந்தோர் இன்றும் புதுச்சேரியில் 'சொல்தா' குடும்பம் என்று அழைக்கப்படுகிறார்கள், பிரெஞ்சுத் தேர்தலில் வாக்களிக்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரர்களைப் புகழ இதைச் சொல்லவில்லை. 1860-களில் பிரிட்டிஷாரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, இதே புதுச்சேரி வழியாக நம் பக்கத்து ஆட்களை ரீயூனியன் தீவுக்கும் குவாதலூப்புக்கும் கூலிகளாக ஏற்றியவர்கள் அவர்கள்தான். அங்கே நடந்த கொடுமை தாங்காமல் 1882-இல் பிரிட்டிஷ் அரசே ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஒரே துறைமுகம், ஒரே சாதி. ஒருவன் குடிமகனாகப் போனான், இன்னொருவன் கூலியாகப் போனான். வேறுபாடு, கையில் இருந்த தாளில்.

அந்தத் தாள்தான் பிறகு நம்மைக் கரையில் நிறுத்தியது. முதல் உலகப்போர்க் காலத்தில் கட்டாயமாக்கப்பட்ட கடவுச்சீட்டு 1920-இல் சட்டமானது. 1922-இல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. கடவுச்சீட்டு 'மரியாதைப்பட்டவர்'களுக்கான ஆவணமாக வளர்ந்தது. கூலிக்கு வேறு ஏற்பாடு. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கழுத்தில் ஒரு தகரத்துண்டைக் கட்டினார்கள். எந்தத் தோட்டம் என்பதற்கான எண் அதில் பொறித்திருக்கும், ஆளின் பெயர் இருக்காது. 1938-இல் மலாயாவுக்கும் 1939-இல் இலங்கைக்கும் கூலிகள் போவது தடுக்கப்பட்டது. 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பினார்கள். 1948-இல் இலங்கை, தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று, அவர்களைக் கேட்காமலேயே, இரண்டு பிரதமர்கள் முடிவு செய்தார்கள். தலைமுறைகளுக்குப் பிறகு அவர்கள் கையில் முதன்முதலாக வந்த கடவுச்சீட்டு, வெளியேறுவதற்கானது.

சுதந்திர இந்தியா என்ன செய்தது? 1967 வரை கடவுச்சீட்டு என்பது அரசு பார்த்துக் கொடுக்கும் சலுகை. படிக்காதவர், கூலி வேலைக்குப் போகிறவர் வெளிநாட்டில் நாட்டின் பெயரைக் கெடுத்துவிடுவார் என்று அதிகாரிகள் கருதி மறுத்ததை ஆய்வாளர் காலாத்மிகா நடராஜன் ஆவணங்களிலிருந்து எடுத்துக்காட்டியிருக்கிறார். 1967-இல் சத்வந்த் சிங் வழக்கில்தான் வெளிநாடு செல்வது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குத் தொடுத்தவர் ஒரு வணிகர்.

உரிமை எல்லாருக்கும் வந்ததா? 1983 சட்டப்படி, பத்தாவது தேறாதவரின் கடவுச்சீட்டில் 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்று குறிப்பார்கள். வளைகுடா, மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். அந்தப் பதவியின் பெயரைக் கவனியுங்கள். ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிய காலத்தில் துறைமுகத்தில் இருந்த அதிகாரிக்கும் அதே பெயர்தான். ஏமாற்றும் ஏஜெண்டிடமிருந்து காப்பதற்கு என்கிறார்கள். காப்பு வேண்டும்தான். ஆனால் பத்தாவது தேறாதவர் யார், ஏன் தேறவில்லை என்று 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 29 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழ்ந்த இந்த மாவட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை.

படித்தவர்களுக்கு வேறு வாசல். அண்ணல் 1913-இல் கொலம்பியாவுக்குப் போனது பரோடா அரசின் உதவித்தொகையில். இன்று ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 பேருக்கு. 2022-இல் அதன் நெறிமுறையில் ஒரு வரி சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு உதவி கிடையாது. அதாவது நீ போகலாம், சாதியை ஆராயப் போகக்கூடாது. இந்தியாவில் சாதிகள் குறித்த கட்டுரையை அண்ணல் வாசித்தது அதே கொலம்பியாவில், 1916-இல்.

என் சொந்தக் கதை ஒன்று. முதன்முதலாக நான் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது விசாரணைக்கு வந்த காவலர் காலனிக்குள் வரவில்லை. ஊர்த்தெரு டீக்கடையில் நின்று, "இந்த ஆள் எப்படி?" என்று என்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கடையில் எங்களுக்குத் தனிக் குவளை இருந்த காலத்தை என் அம்மா பார்த்திருக்கிறார். என் நன்னடத்தைக்கு அந்தப் பெஞ்சுதான் சாட்சி. கடவுச்சீட்டு வந்தது. பத்தாண்டு முடிந்து காலாவதியும் ஆனது. ஒரு முத்திரையும் விழவில்லை.

மாணவர்களிடம் ஒரு வேலையைக் கொடுத்து முடிக்கிறேன். நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் என்று பத்தி பிரித்து எழுதியிருக்கிறார்கள். மொரீசியசில் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படத்தோடு. ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் சிதைந்திருக்கும், வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். உங்கள் வீட்டுப் பாட்டிகளிடம் முதலில் கேட்டு, போனவர் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திண்டிவனம் பாட்டி சொன்ன பெயரை நான் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணும் நானும் தேடத் தொடங்கியிருக்கிறோம்.