பில்ஸ்னா கப்பலில் ஒரு மயிலாப்பூர் பையன்

நங்கநல்லூர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டே இருப்போம், தலைக்கு மேல் விமானம் வரும், பாதி வாக்கியத்தில் நிறுத்துவோம், சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்போம். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகள்தான் திருதிருவென்று விழிப்பார்கள். மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டினால் இப்படித்தான்.

இந்த வருடம் அந்த விமானங்களில் என் வகுப்பில் பாதிப் பேர் ஏறிவிடுவார்கள் போலிருக்கிறது. காண்டீனில் உட்கார்ந்தால் ஜெர்மனி, நெதர்லாந்து, அயர்லாந்து, விசா, ஹாஸ்டல் வாடகை, அங்கே தோசை மாவு கிடைக்குமா என்பதுதான் பேச்சு. எனக்கும் ஜெர்மனியிலிருந்து ஒரு அட்மிஷன் கடிதம் வந்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் போன தீபாவளியிலிருந்து அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. "நீ கிளம்புடா, நான் பாத்துக்கறேன்" என்கிறார். யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்பதுதானே பிரச்சினையே!

இந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் சந்திரசேகரைப் பற்றித் தேடிப் படித்தேன். பிஸிக்ஸ் படிக்கிறவனாக 'சந்திரசேகர் லிமிட்' தெரியும். பரீட்சைக்கு நாலு மார்க் கேள்வி. ஆனால் அதைக் கண்டுபிடித்த பையன் எந்த மாதிரி வீட்டிலிருந்து, எந்த நிலைமையில் கப்பலேறினான் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சுப்ரமணியன் சந்திரசேகர் பிறந்தது லாகூரில், 1910 அக்டோபர் 19. அப்பா சி.எஸ். ஐயர் ரயில்வேயில் கணக்குத் துறை அதிகாரி, அதனால் ஊர் ஊராக மாற்றல். 1918இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. பையன் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் அப்புறம் மாநிலக் கல்லூரியிலும் படித்தான். மயிலாப்பூரில், அன்றைய எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் (இன்றைய ராதாகிருஷ்ணன் சாலை) 'சந்திர விலாஸ்' என்று சொந்த வீடு. சித்தப்பா பெயர் சி.வி. ராமன்! இதைப் படித்ததும் "அப்ப சரி, சிபாரிசுதான்" என்று நினைத்தேன். தப்பு. பையன் பெரும்பாலும் சித்தப்பாவின் நிழலிலிருந்து விலகியே நடந்திருக்கிறான்.

எனக்குப் பிடித்த ஆள் அம்மா சீதாலட்சுமி. அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் இப்சனின் 'எ டால்ஸ் ஹவுஸ்' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். நோரா என்கிற பெண் கணவனையும் குழந்தைகளையும் விட்டு வாசல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுவாளே, அந்த நாடகம். நூறு வருடத்துக்கு முந்தைய மயிலாப்பூரில், பத்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, இதை ஒரு அம்மா உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1920இல் ஒருநாள் இந்த அம்மாதான் பேப்பரைப் பார்த்துவிட்டுப் பையனிடம் ஒரு செய்தி சொன்னார்: ராமானுஜன் என்கிற பெரிய கணித மேதை இறந்துவிட்டாராம். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. பின்னாளில் இதை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். ராமானுஜன் 1914 மார்ச் 17இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நெவாசா கப்பலில் கிளம்பியவர். கேம்பிரிட்ஜில் ஹார்டியோடு ஐந்து வருடம். 1918இல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ, அதே வருடம் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ. ஆனால் முதல் உலகப் போர் காலத்துத் தட்டுப்பாட்டில் சைவச் சாப்பாட்டுக்கு அலைந்து, நோயாளியாக 1919இல் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் சேத்துப்பட்டில் இறந்துபோனார். வயது 32. ஆக, சீமைக்குப் படிக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் காலத்துச் சென்னையில் ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருந்தது. அது சந்தோஷமான எடுத்துக்காட்டு அல்ல.

இனி பத்து வருடம் தாண்டுவோம். 1928இல் ஜெர்மன் விஞ்ஞானி சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். சந்திரசேகர் அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய்ப் பார்த்தார். தன் புத்தகத்தை வரிக்கு வரி படித்துவிட்டு வந்த பையனிடம் சோமர்ஃபெல்ட் சொன்ன சேதி: "அதெல்லாம் பழசாகிவிட்டது." குவாண்டம் இயற்பியல் தலைகீழாக மாறிக்கொண்டிருந்த நேரம் அது. நானாக இருந்தால் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருப்பேன். இவர் சோமர்ஃபெல்ட் கொடுத்த புதுக் கட்டுரையை வாங்கிப் படித்து, அதை வைத்துத் தானே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார். அது 1929இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. பி.எஸ்ஸி. ஆனர்ஸ் இன்னும் முடியவில்லை!

1930இல் இங்கிலாந்து போய்ப் படிக்க அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. ஆனால் அம்மா படுத்த படுக்கை. குணமாகும் என்று யாரும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் போகாதே என்றார்கள். இந்த நிலைமையில் கிளம்பினால் திரும்பி வரும்போது அம்மா இருக்க மாட்டார் என்று பையனுக்கும் தெரியும். போயே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் ஒரே ஒருவர்தான். அந்த அம்மாவேதான்.

1930 ஜூலை 31, பம்பாய். லாயிட் டிரியெஸ்டினோ என்கிற இத்தாலியக் கம்பெனியின் 'பில்ஸ்னா' கப்பல். வயது 19. தென்மேற்குப் பருவமழைக் காலம், அரபிக்கடல் கொந்தளிப்பு, முதல் சில நாட்கள் தலை தூக்க முடியவில்லை. ஏடனைத் தாண்டிய பிறகுதான் கடல் அமைதியானது. மற்றவர்கள் டெக்கில் ஆடிப் பாடிக்கொண்டிருக்க, இவர் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தார்.

என்ன கணக்கு? நாலு மார்க் பதிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் எடையாலேயே நசுங்கும். வெண்குள்ளன் என்கிற நிலையில் அந்த நசுக்கலைத் தாங்குவது எலக்ட்ரான்களின் நெரிசல். காலை எட்டரை மணி பீச் ரயிலில் பழவந்தாங்கலில் ஏறப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். உள்ளே இருப்பவர்கள் கொடுக்கும் எதிர்த்தள்ளு! இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்பதால், நெருக்க நெருக்க அவை வேகமெடுத்து எதிர்த்துத் தள்ளும். எந்த நட்சத்திரமும் இப்படி அமைதியாக ஓய்வு பெற்றுவிடும் என்று 1926இல் ஃபௌலர் காட்டிய வழியில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கப்பலில் சந்திரசேகர் கேட்ட கேள்வி: எலக்ட்ரானின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கினால் ஐன்ஸ்டீனின் சார்பியலைச் சேர்த்தாக வேண்டுமே, அப்போது? சேர்த்துப் பார்த்தால் ஒரு எல்லை வருகிறது. அந்த எடைக்கு மேல் போனால் எந்தத் தள்ளும் தாங்காது, நட்சத்திரம் நசுங்கிக்கொண்டே போகும். 1931இல் அவர் அச்சிட்ட முதல் எண் சூரியனைப் போல் 0.91 மடங்கு. பிறகு திருத்தி இன்று நாம் எழுதுவது ஏறக்குறைய 1.4 மடங்கு. (இங்கிலாந்தில் ஸ்டோனர் என்பவரும் வேறு வழியில் இதே மாதிரி ஒரு எல்லையை அந்தச் சமயத்தில் எட்டியிருந்தார். நியாயத்துக்கு அதையும் சொல்ல வேண்டும்.)

வெனிஸில் இறங்கி, ரயிலேறி, ஆகஸ்ட் 19 லண்டன். போனதும் முதல் அனுபவம் என்ன தெரியுமா? அட்மிஷன் குளறுபடி! சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே அதிகாரிகள் பேப்பரைக் குழப்பி வைத்திருந்தார்கள். ஃபௌலரோ விடுமுறையில். அவர் தலையிட்ட பிறகுதான் டிரினிட்டி கல்லூரியில் இடம் உறுதியானது. தூதரக வரிசையில் நிற்கும் நண்பர்களே, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். தொண்ணூற்று சொச்சம் வருடமாக இதே கதைதான்.

கேம்பிரிட்ஜில் அப்போது டிராக், ரூதர்ஃபோர்டு, எடிங்டன் எல்லாம் சாதாரணமாக நடந்து போய்க்கொண்டிருப்பார்கள். சென்னையில் எல்லாவற்றிலும் முதலாவதாக இருந்த பையன் அங்கே தனியாக, பேச ஆளில்லாமல், இங்கே நான் யார் என்று குன்றிப்போனான். கப்பலில் போட்ட கணக்கில் ஃபௌலருக்கே பெரிய ஆர்வமில்லை. கடைசியில் அதை அமெரிக்க இதழ் ஒன்றுக்கு அனுப்ப, இரண்டே பக்கக் கட்டுரையாக 1931இல் வந்தது.

அதே 1931, மே மாதம். சென்னையில் சீதாலட்சுமி இறந்துபோனார். மகன் கேம்பிரிட்ஜில். ஊருக்கு வர வாரக்கணக்கில் கப்பல் பயணம். வரவில்லை. அந்தக் கோடையில் ஜெர்மனியின் கோட்டிங்கனுக்குப் போய் மாக்ஸ் பார்னின் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தார். பிறகு டிராக் சொன்ன யோசனைப்படி 1932 ஆகஸ்டிலிருந்து கோபன்ஹேகனில், நீல்ஸ் போரின் இடத்தில் பல மாதங்கள். 1933இல் பிஎச்.டி. அதே அக்டோபரில் டிரினிட்டி ஃபெல்லோ. ராமானுஜனுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த இந்தியர்.

இங்கே நிறுத்தினால் நல்ல வெற்றிக்கதை. ஆனால் 1935 ஜனவரி 11 என்று ஒரு தேதி இருக்கிறது. லண்டனில் ராயல் அஸ்ட்ரானமிக்கல் சொசைட்டி கூட்டம். சந்திரசேகர் தன் எல்லையை முழுக் கணக்கோடு நிரூபித்துப் பேசினார். அடுத்துப் பேசியவர் எடிங்டன். அன்றைய வானியலின் பெரிய தலை. மாதக்கணக்கில் சந்திரசேகரின் அறைக்கே வந்து கணக்கு எப்படிப் போகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தவர். தான் என்ன பேசப் போகிறேன் என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. எழுந்து நின்று, ஒரு நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள முடியாது, அதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கத்தான் வேண்டும் என்கிற ரீதியில் பேசினார். சபை சிரித்தது. போரும் பௌலியும் தனியாகக் கேட்டபோது சந்திரசேகர் சொல்வதுதான் சரி என்றார்கள். யாரும் வெளியே வந்து சொல்லவில்லை. வயது 24. வீட்டுக்கு வந்து புலம்ப அம்மாவும் இல்லை.

1936இல்தான் ஊருக்கு வந்தார், ஆறு வருடம் கழித்து. அந்த செப்டம்பரில், மாநிலக் கல்லூரியில் தன்னோடு படித்த லலிதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பயணத்தில் இன்னொரு வேலையும் செய்தார். ஹார்டிக்கு ராமானுஜனின் நல்ல புகைப்படம் ஒன்று வேண்டியிருந்தது. சந்திரசேகர் ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிப் போய், 1919இல் எடுத்த பாஸ்போர்ட் படத்தை வாங்கிக்கொண்டு போனார். ராமானுஜன் என்றதும் நம் கண்ணில் வரும் அந்த நேரே பார்க்கும் முகம், அதுதான். சீமையிலிருந்து ஊர் திரும்புவதற்காக எடுத்த படம்.

பிறகு அமெரிக்கா, சிகாகோ பல்கலைக்கழகம், ஆயுள் முழுக்க. 1953இல் அமெரிக்கக் குடிமகன் ஆனபோது அப்பாவுக்கு வருத்தம். 1983இல் நோபல் பரிசு. 1995இல் மறைவு. எடிங்டனைப் பற்றிக் கசப்பாக எழுதியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்று பாராட்டிப் பேசி, புத்தகமாகவே போட்டிருக்கிறார்.

சரி, இதிலிருந்து எனக்கு என்ன தெரிந்தது? "போனதால்தான் நோபல், அதனால் போ" என்று என் நண்பன் ஒரே வரியில் முடித்துவிட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கப்பல் ஏறிய அன்று அந்தப் பையனுக்கு நோபல் பற்றி எதுவும் தெரியாது. அம்மாவைத் திரும்பப் பார்க்க மாட்டோம் என்பது மட்டும் கிட்டத்தட்டத் தெரியும். பரிசு 53 வருடம் கழித்து வந்தது, இழப்பு பத்து மாதத்தில் வந்துவிட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து "லாபம்தான்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த அம்மா, அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். எனக்கு வாட்ஸப் வீடியோ கால் இருக்கிறது, எட்டு ஒன்பது மணி நேர வித்தியாசம்கூட இல்லை, ஒரே நாளில் திரும்பி வந்துவிட முடியும். அவருடைய நிலைமையோடு என்னுடையதை ஒப்பிடுவதே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நேற்று ராத்திரி மொட்டை மாடியில் அம்மாவிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். நடுவில் இரண்டு விமானம். இரண்டு தடவையும் நிறுத்தி, காத்திருந்து, தொடர்ந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா நோபலைப் பற்றியும் கேட்கவில்லை, ஜெர்மனியைப் பற்றியும் கேட்கவில்லை.

"அந்தம்மா மொழிபெயர்த்தாங்கன்னியே, அந்தப் புஸ்தகம் எங்கயாவது கிடைக்குமாடா?" என்றார்.

தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.