வரிசையிலிருந்து தவணைக்கு: இந்தியக் குடும்பமும் சொந்தக் காரும்

விடுதலைக்குப் பிந்தைய முதல் முப்பத்தைந்து ஆண்டுகளில், கார் வாங்கும் வசதி படைத்த இந்தியக் குடும்பமும் நினைத்தவுடன் அதை வாங்கிவிட முடியவில்லை. யார் கார் செய்யலாம், ஆண்டுக்கு எத்தனை செய்யலாம் என்பதை அரசின் உரிம முறை வரையறுத்தது. ஒரு தொழிற்சாலை தன் உற்பத்தியைக் கூட்டுவதற்கும் அந்த முறையில் அனுமதி பெற வேண்டியிருந்தது. இறக்குமதியான பாகங்களைப் பொருத்தி விற்பதோடு நின்றுவிடும் நிறுவனங்களுக்கு இனி இடமில்லை என்ற கொள்கை 1953இல் உறுதிப்பட்டதும், பம்பாயில் 1928 முதல் கார்களைப் பொருத்திவந்த ஜெனரல் மோட்டார்ஸும், அதற்கும் முன்பே வந்திருந்த ஃபோர்டும் வெளியேறின. எஞ்சியவற்றுள் குடும்பங்களுக்குக் கார் தந்தவை, வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றே.

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வார்ப்பான அம்பாசிடரும், ஃபியட் 1100இன் வழிவந்த பிரீமியர் பத்மினியும், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பெரிய மாற்றமின்றி ஆண்டுக்கணக்கில் விற்றதற்குப் போட்டியின்மையே காரணம். கார் ஆடம்பரப் பொருளாகக் கருதப்பட்டு உயர்ந்த வரிக்கு உள்ளானது. பதிவு செய்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். காத்திருக்க மனமில்லாதவர், முறை வந்தவரிடம் கூடுதல் தொகை கொடுத்துக் காரைக் கைமாற்றிக்கொண்டார். ஆகவே, அக்காலத்தில் கார் என்பது பெரும்பாலும் அரசு அலுவலகத்துக்கும் வாடகை ஓட்டத்துக்கும் மிகச் சில செல்வர் வீடுகளுக்கும் உரியதாக இருந்தது.

இந்நிலையைக் குலைத்தது, வியப்பூட்டும் வகையில், அரசு நிறுவனமே. 1981இல் தொடங்கப்பட்ட மாருதி உத்யோக், அடுத்த ஆண்டு ஜப்பானின் சுசுகியுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, 1983 டிசம்பர் 14 அன்று 796 சி.சி. எஞ்சின் கொண்ட மாருதி 800 என்ற சிறு காரை வெளியிட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்பணம் கட்டிப் பதிவு செய்திருந்தனர். ஓட்டுநரையோ மெக்கானிக்கையோ நாளும் நம்பியிராமல் வீட்டுக்காரரும் வீட்டுப் பெண்களும் தாமே ஓட்டிச் செல்லக்கூடிய காராக அது அமைந்ததே அதன் பெருஞ்சாதனை. விலையைவிட இந்த எளிமையே நடுத்தரக் குடும்பத்தை அதன்பால் ஈர்த்தது எனக் கொள்வது தகும். மாருதி 800இன் உற்பத்தி 2014இல் நின்றது. அம்பாசிடரின் உற்பத்தி நின்றதும் அதே ஆண்டில்தான்.

1993இல் கார் தயாரிப்புக்கான உரிமக் கட்டாயம் நீங்கியது. 1998இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோவும், புனேயிலிருந்து டாடா இண்டிகாவும் வந்தன. ஆயினும் தொழிற்சாலைகளின் பெருக்கத்துக்கு இணையான பங்கு வங்கிக் கடனுக்கு உண்டு: காரின் விலையில் பெரும்பகுதியை வங்கி முதலில் செலுத்த, குடும்பம் அதை வட்டியுடன் மாதந்தோறும் சமத் தவணையாகத் திருப்பித்தரும் முறை பரவியபின், முழுத் தொகையையும் சேர்த்துவைக்க இயலாத சம்பளக்காரரும் வாங்குவோராயினர். பழைய கார்ச் சந்தையும் விரிந்து, பல வீடுகளுக்கு முதல் காரை அதுவே அளித்தது. 2009இல் விற்பனைக்கு வந்த டாடா நானோ, ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய் அடிப்படை விலையிலும் இருசக்கர வாகனக் குடும்பங்களைப் பெருமளவில் ஈர்க்கவில்லை; மலிவானது என்ற பெயரே அதற்குப் பாதகமாயிற்று.

இத்தனைக்குப் பின்னும் கணக்கு சிறியதே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கார், ஜீப், வேன் இவற்றுள் ஒன்றை வைத்திருந்த குடும்பங்கள் 2001இல் 2.5 விழுக்காடு, 2011இல் 4.7 விழுக்காடு. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்விலும் கார் உள்ள வீடுகள் பத்தில் ஒன்றை எட்டவில்லை; இருசக்கர வாகனமோ ஏறத்தாழப் பாதி வீடுகளில் இருந்தது. நகரச் சாலைகளை வகுப்போர் இந்த விகிதத்தை மனத்தில் இருத்தி, பேருந்துக்கும் நடைபாதைக்கும் முதலிடம் தர வேண்டும்.